தினமும் மாத்திரையா, மாசாமாசம் ஊசியா?
தம்பிக்கு மனநோய்க்கு ஓலான்சபின்ங்கிற மாத்திரை 10 மில்லிகிராம், ராத்திரி ஒண்ணு. அம்மா டம்ளரோட பக்கத்துலயே நிப்பாங்க, அவனும் வாயில போட்டுப்பான், ஆனா ஒருநாள் மெத்தைய உதறினா அடியில ஏழெட்டு மாத்திரை, அதுக்கப்புறம்தான் டாக்டர் ஃப்ளூஃபெனசின்ங்கிற மனநோய் மருந்து ஊசி பத்தி சொன்னாரு.

மாத்திரைல ஒரு நல்லது, ஒத்துக்கலன்னா டாக்டர் உடனே டோஸ மாத்திடலாம். ஆனா வெயிட், சுகர் ஏறும், டெஸ்ட் பண்ணிட்டே இருக்கணும். ஒருவேளை மறந்தா மறுநாள் ரெண்டா போடக்கூடாது, நாமளா நிறுத்தவும் கூடாது.

ஊசி 2-4 வாரத்துக்கு ஒண்ணு, தினமும் மல்லுக்கட்ட வேணாம். ஆனா போட்டத திரும்ப எடுக்க முடியாது, கை நடுக்கம், உடம்பு விறைப்பு வந்தா வாரக்கணக்குல இழுக்கும், அதான் முதல்ல கொஞ்சமா போட்டுப் பாக்குறாங்க. ஒழுங்கா முழுங்குறவங்களுக்கு மாத்திரையே போதும்னு நினைக்கிறேன், எங்க தம்பிக்கு ஊசிதான் சரி, அவன்கிட்ட கேட்டுதான் மாத்தினோம்.