பக்கி வண்டியில் வரும் "ஃபேக்டரி ஜிக்" வாங்காதீர்கள்

தென்னாப்பிரிக்கா டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும். பக்கி வண்டியில் (பின்பக்கம் திறந்த பிக்கப்) ஐந்து லிட்டர் கேன்களில் ப்ளீச் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக விற்கிறான் ஒருத்தன். "ஆன்ட்டி, ஜிக் மாதிரியேதான், ஃபேக்டரியிலிருந்து நேரா வருது, பாதி விலை" என்று, கடையில் விற்கும் ஜிக் பிராண்டு ப்ளீச்சோடு ஒப்பிட்டு, தேனொழுகப் பேசுவான். நானும் ஒரு கேன் வாங்கினேன். காவடிக்கு வீட்டுக்காரர் கட்டும் வெள்ளை வேட்டியை, எப்போதும் ஜிக் ஊற்றும் அதே அளவு ஊற்றி ஊறவைத்தேன். கறை போனது, கூடவே வேட்டியும் போனது, பிழியும்போதே நனைந்த காகிதம் மாதிரி கையோடு வந்துவிட்டது. (மஞ்சள்தூள் கறை முதலில் சிவக்கும், அது எந்த ப்ளீச்சிலும் நடப்பதுதான், அதைக் குறை சொல்லவில்லை.)

போன் செய்தால் "தண்ணி கலந்திருக்கணும் ஆன்ட்டி" என்கிறான். விற்கும்போது வாயில் என்ன கொழுக்கட்டையா? பணத்தைக் கேட்டதும் லைன் கட், அப்புறம் எடுக்கவே இல்லை.

கடையில் விற்கும் ஜிக்கில் சோடியம் ஹைப்போகுளோரைட் சுமார் 3.5 சதவீதம், தொழிற்சாலைகளுக்குப் போகும் சரக்கில் 12 முதல் 15 வரை இருக்கும். இவன் கொடுத்ததில் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? கேனில் லேபிளே இல்லை, பழைய லேபிளைச் சுரண்டிய பசைத்தடம்தான் இருக்கிறது. முன்பு அதில் என்ன இருந்ததோ! கழிப்பறை ஆசிட் மிச்சம் இருந்து அதில் ப்ளீச் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும், அமோனியா என்றால் குளோரமைன், இரண்டுமே நெஞ்சை அடைக்கும். அதோடு கராஜில் வைத்த கேன் வெயிலில் வயிறு உப்பி நின்றது, மூடியைத் தளர்த்தினால் உஸ்ஸென்று சத்தம். வீரியம் கூடிய ப்ளீச் சூட்டில் சிதைந்து வாயு விடும், அதனால்தான் முறையான கேன் மூடியில் காற்று போக வழி வைத்திருப்பார்கள்.

வேட்டி போனால் போகட்டும். 2022 வெள்ளத்திலிருந்து குழாய் நிற்கும்போதெல்லாம் குடிக்கும் வாளித் தண்ணீரில் ப்ளீச் விடுகிறோமே, 25 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், இரண்டு மணி நேரம் மூடி வைக்கணும் என்ற அந்தக் கணக்கு வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச்சுக்குத்தான். இந்தச் சரக்கு என்றால் அதே டீஸ்பூன் மூன்று நான்கு மடங்காகிவிடும், வெயிலில் கிடந்து வீரியம் போனதாக இருந்தால் கிருமி அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் அதைக் கோக் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் குழாயடியில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு கிளினிக் போங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே விஷத் தகவல் எண் 0861 555 777க்குப் போன் செய்யுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.