கல்யாணத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை பேக்கேஜ்: எது தேவை, எது வெறும் பில்

மதுரையில் பெரிய லேப் எதற்குள் நுழைந்தாலும் "ப்ரீமேரிட்டல் பேக்கேஜ்" என்று ஒரு அட்டை தொங்குகிறது. நாங்கள் எடுத்த லேபின் பெயரைப் போடவில்லை. இருவருக்கும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. எடுக்கலாமா என்று கேட்டால் சோதனையைக் கண்டிப்பாக எடுங்கள், பேக்கேஜை வாங்காதீர்கள் என்பேன்.

முதலில் கவுண்ட்டரில் சொல்லும் கதை. "இப்பல்லாம் ரிஜிஸ்டர் ஆபிஸ்ல இதைக் கேக்குறாங்க மேடம்" என்றார் அங்கிருந்த பெண். கேட்பதில்லை. இந்து திருமணச் சட்டத்திலும் சரி, சிறப்புத் திருமணச் சட்டத்திலும் சரி, ரத்தப் பரிசோதனைச் சான்றிதழ் என்று ஒன்றே கிடையாது. சவுதியில்தான் 2004 முதல் அந்த நாட்டு ஜோடிகள் தலசீமியா, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்களுக்குச் சோதித்துக்கொண்டே ஆக வேண்டும். இங்கே அது நம் விருப்பம். அத்தை, அதாவது மாமியார் ஆகப்போகிறவர், "பொண்ணுக்கு மட்டும் எடுத்தாப் போதாதா" என்று கேட்டார். ஒருவருக்கு மட்டும் எடுத்தால் பாதிக் கணக்குதான் தெரியும் என்று சொல்லி மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனேன்.

பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கொலஸ்ட்ரால், கல்லீரல், தைராய்டு, விட்டமின் டி என்று ஒரு நீளப் பட்டியல். தைராய்டு சரி, மற்றதெல்லாம் நாற்பது வயதுக்காரருக்கான மாஸ்டர் செக்கப்பில் இருந்து தூக்கி வைத்த மாதிரி இருந்தது. எது உண்மையிலேயே கல்யாணத்தோடு சம்பந்தப்பட்டதோ, அந்த ஹீமோகுளோபின் எச்.பி.எல்.சி. சோதனை (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளந்து தலசீமியாவைக் காட்டிக்கொடுப்பது) பேக்கேஜில் இல்லை! தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது.

அது ஏன் முக்கியம் என்றால், தலசீமியா கடத்தியாக, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவராக, இருப்பவருக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் ரத்த சோகை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கணவன் மனைவி இருவருமே கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் முழுதாக வர 25 சதவீத வாய்ப்பு. ஒருவர் மட்டும் என்றால் குழந்தைக்கு அந்த நோய் வராது. எனக்கு எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவாக வந்தது, அது கடத்தி என்பதாலும் இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாலும் இருக்கலாம். பேக்கேஜோடு வந்த "இலவச டாக்டர் ஆலோசனை"யில் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்கள். எச்.பி.எல்.சி.யில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது கடத்தி இல்லை என்கிற அளவில், வந்த பிறகுதான் நிம்மதி. இரும்புச்சத்து ரொம்பக் குறைந்திருந்தால் இந்த அளவு தவறாகக் குறைத்துக் காட்டவும் கூடும், அப்போது சத்தை ஏற்றிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்வார்கள். இதை வேறு டாக்டரிடம் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

ரத்த வகையைப் பற்றி ஒரு வார்த்தை. இருவருக்கும் ஒரே குரூப் என்றால் ஆகாது என்று இன்னமும் கல்யாண வீடுகளில் பேசுகிறார்கள், அது சும்மா. பெண் நெகட்டிவ், ஆண் பாசிட்டிவ் என்றால் மட்டும் கர்ப்பக் காலத்தில் ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டும். 28வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி (தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுப்பது), பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கல்யாணத்தை நிறுத்துகிற விஷயமே இல்லை.

இப்போது என் பெரிய புகார். எச்.ஐ.வி. சோதனைக்கு எங்களிடம் ஒப்புதல் என்று தனியாக எதுவும் வாங்கவில்லை, பில்லில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்கள். ரிப்போர்ட் வந்ததோ, இருவருடையதும் ஒரே பி.டி.எஃப். ஆக, பணம் கட்டிய அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு. நெகட்டிவ்தான், ஆனால் மாப்பிள்ளையுடைய எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனை) முடிவுகளை என் அப்பா எதற்குப் படிக்க வேண்டும்? சோதிக்கவும் சரி, முடிவை வெளியே சொல்லவும் சரி, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் வேண்டும் என்று 2017 எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. இதைக் கேட்டதற்கு மேனேஜர் "ஃபேமிலி பேக்கேஜ்தானே மேடம்" என்றார்.

எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையமே மேல். காசு இல்லை, சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். அண்மையில் தொற்றியிருந்தால் சோதனையில் தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் அங்கே விளக்குவார்கள். சந்தேகம் இருந்தால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம்.

லேபில் ரத்தம் எடுத்த தம்பியைக் குறை சொல்ல முடியாது. என் நரம்பு சிக்கவே சிக்காது, ஒரே குத்தில் எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டும் சொன்ன நாளில் வந்தது. நீங்கள் போனால் எச்.பி.எல்.சி., ரத்த வகை, ஹெபடைடிஸ் பி, சி, வி.டி.ஆர்.எல். இவற்றைத் தனித்தனியாகக் கேட்டு விலை போடச் சொல்லுங்கள். பெண்ணுக்கு ருபெல்லாவும் (கர்ப்பத்தில் வந்தால் குழந்தையைப் பாதிக்கும் ஒரு வகை அம்மை) பாருங்கள், எதிர்ப்பு சக்தி இல்லையென்றால் கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பாவது தடுப்பூசி போட்டுவிட வேண்டும். படிவத்தில் இரண்டு பேரின் செல் நம்பரையும் தனித்தனியாக எழுதுங்கள், பணம் யார் கட்டினாலும்.