நிலாவெளியா, ஹிக்கடுவவா? இலங்கையில் கடலுக்குள் இறங்க எந்தக் கரை நல்லது

இலங்கையில் ஸ்கூபாவுக்கும் (முதுகில் காற்று டேங்க் கட்டி ஆழத்தில் நீந்துவது) ஸ்நோர்க்கெலுக்கும் (மூச்சுக்குழாயோடு மேற்பரப்பில் மிதந்து பார்ப்பது) எந்த இடம் நல்லது என்று யாராவது கேட்டால், எந்த மாதம் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் எந்த இடத்தின் பெயரைச் சொன்னாலும் பயனில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்கையும் தெற்கையும் கலக்கிவிடும். அதே மாதங்களில் கிழக்கில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி வீசும். அலை அடங்கி, நீர் தெளிந்துவிடும். நவம்பரில் வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழ். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் மழை, கொந்தளிப்பு, ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சேறு. அப்போது காலி, ஹிக்கடுவ, கற்பிட்டிப் பக்கம் கடல் அமைதியாகி, ஏப்ரல் வரைக்கும் இறங்கலாம்.

ஜூலையில் எடுத்த படத்தைப் பார்த்து மயங்கி டிசம்பரில் திருகோணமலைக்கு அருகே உள்ள நிலாவெளியில் அறை எடுத்தால், அறைக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

விடுமுறைத் தேதி ஏற்கெனவே முடிவாகிவிட்டவருக்குக் கடலே பதில் சொல்லிவிடும். தேதியை நகர்த்த முடிந்தவருக்குத்தான் இந்த ஒப்பீடு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிழக்குக் கரைதான். அதை முன்வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

மாஸ்க்கும் ஸ்நோர்க்கெலும் மட்டும் போதும் என்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பெயர்கள் இரண்டு: கிழக்கில் புறாத்தீவு, தெற்கில் ஹிக்கடுவ. இரண்டுமே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் உள்ள தேசியப் பூங்காக்கள். ஹிக்கடுவவுக்கு 2002-இலும் புறாத்தீவுக்கு 2003-இலும் அந்தத் தகுதி கிடைத்தது. காகிதத்தில் இரண்டும் சமம். நீருக்குள் தலையை விட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சின்னப் பாறைத்தீவு. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். ஆங்கிலேயர் காலத்தில் அதைத் துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1963-இல் சரணாலயமானது. வள்ளம் இறக்கிவிடும் கரையில் இடுப்பளவு நீரைத் தாண்டியதுமே பவளம் தொடங்கிவிடும். கிளைகிளையாக நிற்பது, மேசைபோலத் தட்டையாக விரிந்தது, உருண்டைப் பாறையாகக் கிடப்பது என்று எல்லா வகையும் உண்டு. கிளிமீன்கள் பவளத்தைக் கடித்துச் சுரண்டும் சத்தம் காதில் கேட்கும். தீவின் மறுபக்கம் போனால் கறுப்புமுனைச் சுறாக்கள் ஆழமில்லாத நீரிலேயே வலம் வரும். ஆள் உயரத்துக்குக் குறைவானவை, கூச்ச சுபாவம் கொண்டவை. துரத்தினால் ஓடிவிடும், அசையாமல் மிதந்தால் அவையே அருகில் வரும். டேங்க் கட்டாமல், பயிற்சி எதுவும் இல்லாமல், சுறாவைப் பார்க்க இந்த நாட்டில் இதைவிட எளிதான இடம் எனக்குத் தெரியாது.

ஹிக்கடுவவுக்கு உள்ள பெரிய பலம் அங்கே போய்ச் சேரும் வசதி. கொழும்பில் ரயில் ஏறினால் காலி வீதியை ஒட்டியே இறங்கலாம். வள்ளம் பிடிக்காமல் கடற்கரையிலிருந்து நடந்தே நீருக்குள் போகலாம். பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் உள்பக்கம் குளம்போல் ஆழமில்லாமல் இருக்கும். சிறு பிள்ளைகளையும் நீச்சலில் தயக்கம் உள்ளவர்களையும் கூட்டிப்போக இது நல்ல இடம். பச்சை ஆமைகள் கரைக்கு மிக அருகில் வரும். ஆனால் அவை வருவதற்கு ஒரு காரணம், ஆட்கள் கடற்பாசியை நீட்டி ஊட்டிப் பழக்கியிருப்பது. காட்டு விலங்கைக் கையேந்த வைத்துப் பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. யாராவது உங்கள் கையில் பாசியைத் திணித்தால் வாங்காதீர்கள்.

பவளத்தைப் பொறுத்தவரை ஹிக்கடுவ தோற்றுத்தான் போகிறது. அதன் காரணம் 1998-இல் இருக்கிறது. பவளம் ஓர் உயிரி. அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் நிறத்தையும் பெரும்பங்கு உணவையும் தருகிறது. கடல் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஓரிரு பாகை கூடி, அது சில வாரம் நீடித்தால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப் போகும். வெப்பம் தணியாவிட்டால் செத்துவிடும். 1998-இல் கடலைச் சூடாக்கிய எல் நினோ என்ற காலநிலை மாற்றம் ஹிக்கடுவவிலும் கற்பிட்டியிலும் பெரும்பகுதி பவளத்தைக் கொன்றது. திருகோணமலைப் பக்கத்துப் பவளம் அந்த முறை தப்பிவிட்டது. நிலாவெளிக்கு இன்று கிடைக்கும் பெயரில் பெரிய பங்கு அந்தத் தப்பித்தலுக்கு உரியது.

தெற்கின் இழப்புக்கு வெப்பம் மட்டும் காரணமல்ல. அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவவுக்கும் இடைப்பட்ட கரையில் பல தலைமுறையாக முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, உடைத்துச் சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்பினார்கள். அதன் விலை 2004 டிசம்பர் 26-ஆம் தேதி தெரிந்தது. பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது இது: பவளத்திட்டு பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவவில் ஆழிப்பேரலை இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் வந்து, சுமார் 50 மீட்டர் மட்டுமே உள்ளே போயிருக்கிறது. சற்று வடக்கே, முருகைக்கல் அகழப்பட்டிருந்த பெரலியவில் அலை சுமார் 10 மீட்டர் உயர்ந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே புகுந்திருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு ரயிலைப் புரட்டிப்போட்டதும் அங்கேதான். ஹிக்கடுவவில் ஸ்நோர்க்கெல் செய்யும்போது கீழே தெரிவது மங்கிப்போன பவளமாக இருக்கலாம். அந்த ஊர் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி புறாத்தீவின் குறையையும் சொல்ல வேண்டும். 2009-இல் போர் முடிந்த பிறகு அங்கே கூட்டம் பெருகிவிட்டது. நீந்தத் தெரியாதவர்கள் மிதவை அங்கியோடு இறங்கி, களைத்ததும் பவளத்தின் மேலேயே எழுந்து நிற்கிறார்கள். ஒரு கிளை விரல்நீளம் வளர ஒரு வருடமாகும். உருண்டைப் பவளம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஃபின் (நீந்தும் துடுப்பு) போட்ட கால் ஒரு தடவை உதைத்தால் அத்தனையும் போச்சு. கால் ஊன்றாமல் மிதக்கத் தெரியாதவர்கள் தயவுசெய்து முதலில் கரையோர மணலில் பழகிவிட்டுப் போங்கள். வார நாளில் முதல் வள்ளத்தில் போவது எல்லா வகையிலும் நல்லது: காற்று எழுந்திருக்காது, மணல் கலங்கியிருக்காது, ஆட்களும் குறைவு. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட நீளக்கைச் சட்டை போடுவது தோலுக்கும் பவளத்துக்கும் நல்லது. நுழைவுச்சீட்டு வெளிநாட்டவருக்கு உள்நாட்டவரைவிடப் பல மடங்கு. வள்ளக் கூலி தனி. நாலைந்து பேர் சேர்ந்து போனால் கூலியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

மூன்றாவது போட்டியாளர் கற்பிட்டியின் பார் ரீஃப் என்ற பவளத்திட்டு. 1992-இல் சரணாலயமாக்கப்பட்டது. பரப்பு 300 சதுர கிலோமீட்டருக்கு மேல். நூற்றைம்பதுக்கும் அதிகமான பவள வகைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அளவில் புறாத்தீவும் ஹிக்கடுவவும் அதன் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. 1998-இல் அடிபட்டு, மெல்ல மீண்டுவந்து, 2016-இல் மறுபடியும் வெளுத்தது. அதனால் எந்தத் திட்டில் இறக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே அனுபவம் அமையும்: ஓரிடத்தில் தழைத்த பவளம், அடுத்த இடத்தில் வெறும் இடிபாடு. கரையிலிருந்து வள்ளத்தில் வெகுதூரம் போக வேண்டும், காற்று எழுந்தால் திரும்ப வேண்டும். பவளத்துக்காக மட்டும் என்றால் அத்தனை தூரம் போகச் சொல்லமாட்டேன். ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடலில் சுழன்று குதிக்கும் ஓங்கில்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். மார்ச், ஏப்ரலில் எண்ணெய்த் திமிங்கிலங்களும் தென்படும். அதையும் சேர்த்தால் கற்பிட்டி இரண்டு நாள் தங்கத் தகுந்த இடம்.

இதே மேற்குக் கரையில் இன்னும் வடக்கே, சிலாவத்துறை, அரிப்புக் கடலில்தான் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் முத்துக் குளித்தார்கள் நம் ஆட்கள். டேங்கும் ரெகுலேட்டரும் வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சுழியோடிகள் இருந்த கடல் இது.

சரி, டேங்க் கட்டி இறங்குபவர்களுக்கு வருவோம். இலங்கையின் உண்மையான செல்வம் மூழ்கிய கப்பல்கள் என்பது என் எண்ணம். பவளத்தை மட்டும் வைத்து மாலைதீவோடு போட்டி போட முடியாது. கப்பல்களை வைத்துத் தாராளமாகப் போட்டி போடலாம்.

அதில் மட்டக்களப்புக்கு நிகர் இல்லை. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, 9-ஆம் தேதி, திருகோணமலையின் முறை. துறைமுகத்தில் இருந்தால் அடிபடும் என்று முந்தைய இரவே வெளியே அனுப்பப்பட்ட எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை, மட்டக்களப்புக்கு அருகே கண்டுபிடித்துக் குண்டு போட்டு மூழ்கடித்தார்கள். தன்னைக் காக்க அதனிடம் விமானங்கள் இருக்கவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்களில் பலரை வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் நீரிலிருந்து தூக்கியது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் ஹெர்மிஸ். அறுநூறு அடி நீளத்தில் இன்றும் கீழே கிடக்கிறது, ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில்.

அந்த 53 என்ற எண்ணை மறந்துவிடக் கூடாது. அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கு அனுமதி 18 மீட்டர், அடுத்த நிலைக்கு 30, பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40. ஹெர்மிஸ் அதற்கும் கீழே. அங்கே அழுத்தம் மேற்பரப்பைவிட ஆறு மடங்கு. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் மயக்கம் தலைக்கேறும். கப்பலில் இருப்பது சில நிமிடம், மேலே வர அதைவிட நீண்ட நேரம் படிப்படியாக நின்று நின்று ஏற வேண்டும். நீரோட்டமும் உண்டு. தொழில்நுட்ப டைவிங் பயிற்சி இல்லாதவரை யாராவது 'பரவாயில்லை, கூட்டிப்போகிறேன்' என்று அழைத்தால், அந்த ஆளோடு எந்த இடத்துக்கும் போகாதீர்கள்.

மற்றவர்களுக்கு அதே நாளில், அதே விமானங்களால் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் இருக்கிறது. சுமார் 25 மீட்டர் ஆழம். இரண்டாம் நிலைச் சான்றிதழ் இருந்தால் போதும். கலவாய்களும் பாரைக் கூட்டங்களும் சீலாக்களும் அதை வீடாக்கிக்கொண்டுவிட்டன. வரலாற்றையும் உயிர்ப்பையும் ஆபத்துக் குறைவாகப் பார்க்க, தீவிலேயே எனக்குப் பிடித்த தேர்வு இதுதான். மட்டக்களப்பில் சுழியோட்ட நிலையங்கள் குறைவு, ஹோட்டல்களும் குறைவு. அதையே அந்த ஊரின் நன்மையாகத்தான் பார்க்கிறேன். முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கவும் நேரம் ஒதுக்கலாம்.

தெற்கிலும் கப்பல்கள் உண்டு. ஹிக்கடுவவுக்கு வடக்கே அக்குரலவில் 1903-இல் பாறையில் மோதி மூழ்கிய கொன்ச் என்ற எண்ணெய்க் கப்பல், ஆழம் குறைவு என்பதால் புதியவர்களுக்குப் பொருந்தும். உனவட்டுனவிலிருந்து போனால் 1871-இல் காலித் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிய ரங்கூன் 30 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. கொழும்பைச் சுற்றியும் நிறைய. ஆனால் நதி முகங்களும் துறைமுகமும் அருகில் என்பதால் நீர் எந்த நாளில் தெளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முதன்முதலாக ஸ்கூபா கற்றுக்கொள்பவருக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை உனவட்டுன நல்லது. பள்ளிகள் பல, போட்டியால் கட்டணமும் நியாயம்.

கற்றுக்கொள்வது கோடையில் என்றால் திருகோணமலை. அங்கே இன்னொரு ஈர்ப்பு சுவாமிமலைப் பாறையின் அடிவாரம். போர்த்துக்கேயர் 17-ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளிய தூண்களையும் செதுக்குக் கற்களையும் 1950-களில் சுழியோடி மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் நீருக்கடியில் கண்டார்கள். பாறைச் சரிவில் மீன்களுக்கு நடுவே மனிதர் செதுக்கிய கல்லைப் பார்ப்பது வேறெந்தக் கரையிலும் கிடைக்காது. தொடாமல் பார்த்துவிட்டு வர வேண்டும். அது இன்றும் வழிபாட்டில் உள்ள கோயிலின் பகுதி.

கடைசியாக, எந்தக் கரையானாலும் பயணத்தின் வரிசையைக் கவனியுங்கள். கிழக்கில் டைவ் முடித்துவிட்டு அடுத்த நாளே எல்ல, நுவரெலியா என்று மலையேறுவது பலரின் திட்டம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய அங்கே இருப்பதுதான். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாகலாம். பல டைவ்களுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானமும் கூடாது, மலையும் கூடாது. ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நிம்மதி. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானம் ஏறுபவர்களுக்கும் இதே கணக்கு. ஆகவே மலைநாட்டை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்கு இறங்குங்கள். கடைசி நாளைத் திருகோணமலையில் நீருக்கு வெளியே, கோணேசர் கோயிலுக்கும் கோட்டைக்குமாக வைத்துக்கொள்ளுங்கள்.