தேயிலை நன்று, பெட்டியில் பேர் இல்லை

நுவரெலியாவுக்கு ஏறும் வீதியோரத்தில், சுற்றுலா வாகனங்கள் நிறுத்தப்படும் ஒரு தேயிலைக் கடையில் விற்கப்படும் 100 கிராம் தகரப் பெட்டித் தேயிலையைப் பற்றியும், அந்தக் கடை என்னை நடத்திய விதத்தைப் பற்றியும் இதை எழுதுகிறேன். அவர்களுடனான கடிதத் தொடர்பு இன்னும் முடியாததால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பெட்டியைக் கண்டால் தெரிந்துகொள்ளலாம். மழையில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் ஒரு வயதான பெண்ணின் படம் அதன் முகப்பில் இருக்கிறது. அந்தப் பெண் என் அம்மாச்சி. படத்தை வரைந்தவள் நான். அப்போது எனக்கு வயது 16.

முதலில் தேயிலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இலையில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருப்பது பி.ஓ.பி.எஃப். எனப்படும், சிறு துகள்களாக உடைந்த தரத்துத் தூள். நன்றாகக் கொதித்த நீரில் மூன்று நிமிடம் ஊறவிட்டால் வெளிர் பொன்னிறச் சாயம் இறங்குகிறது. உயர்நிலத் தேயிலைக்கே உரிய மணமும், நாக்கின் ஓரத்தில் நிற்கும் மெல்லிய துவர்ப்பும் இருக்கின்றன. பால் சேர்த்தால் அந்த மணம் அடங்கிவிடும் என்பதால் பிளேன்டீயாகக் குடிப்பதே நல்லது. மூடி இறுக்கமானது, உட்பை காற்றுப் புகாமல் ஒட்டப்பட்டிருக்கிறது. 1,650 ரூபாய் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில் எவரும் தேயிலைக்குக் கொடுக்கும் விலை அல்ல, ஆயினும் பரிசாகக் கொடுக்க வாங்குபவருக்கு அது அநியாயமாகத் தோன்றாது.

பெட்டியின் பின்பக்கத்தை நான் பலமுறை வாசித்தேன். இலை எந்தப் பிரதேசத்தில் விளைந்தது, எவ்வளவு உயரத்தில், என்ன தரம், எப்போது பொதி செய்யப்பட்டது என்பவை எல்லாம் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. அருகே தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம் இருக்கிறது. முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டால் மட்டுமே அந்தச் சின்னத்தை இட முடியும். வேறு நாட்டு இலையைக் கலந்த பொதிக்கு அது கிடைக்காது. எங்கிருந்து வந்தது என்ற பெயருக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் ஒரு தொழிலில், முகப்புப் படம் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரி கூட ஒதுக்கப்படவில்லை.

அந்தப் படம் பிறந்த காலத்தைச் சொல்ல வேண்டும். 2022இல் நாட்டில் கடதாசித் தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நாட்கள் அவை. வரைதற்றாள் வாங்கும் நிலையில் நாங்கள் இருக்கவில்லை. பாதி எழுதிய ஒரு சீ.ஆர். கொப்பியின் பின்தாளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, கறுப்புப் பேனாவால் அம்மாச்சியை வரைந்தேன். தாளைத் திருப்பியதால் கொப்பியின் நீலக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடின. அவற்றை அழிக்க வழியில்லாததால் மழையாகவே விட்டுவிட்டேன். வெயில் காய்ந்த ஒரு பிற்பகலில்தான் அவர் எனக்காக நின்றார். பெட்டியில் சேலைக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள், பின்னால் மலைகளைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் என் கொப்பிக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. மூலத் தாளைப் பெட்டியின் அருகே வைத்தபோது ஒவ்வொரு கோடும் கூடையின் அதே பிரம்பைத் தொட்டுச் சென்றது. படத்தை முகநூலில் இட்ட திகதியும் என்னிடம் இருக்கிறது; தாளின் கீழ் மூலையில் இருந்த என் கையொப்பம் மட்டும் பெட்டியில் வெட்டப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் மாற்றியிருக்கிறார்கள், எனக்கு அதுவே அதிக வேதனை. அம்மாச்சி வெற்றிலையை அடக்கிக்கொண்டு வாயை மூடியபடி நின்றார். நான் அப்படித்தான் வரைந்தேன். பெட்டியில் அவர் பல் தெரியச் சிரிக்கிறார். நெற்றியில் கூடைக் கயிறு இறுகியிருக்க, இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குத் துணி நனைந்து தொங்க நிற்கும் ஒருவரின் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் ஒருபோதும் வைத்திருக்க மாட்டேன்.

கடையில் பணத்தைப் பெற்றுக்கொண்ட அண்ணன் மரியாதையாகவே பேசினார். தாளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, இது நீங்கதான் வரைஞ்சதுன்னு எனக்கே தெரியுது, கொஞ்சம் இருங்க” என்று சொல்லி முகாமையாளரை அழைத்து வந்தார். முகாமையாளர் தாளைக் கையில் வாங்கவே இல்லை. படம் இணையத்தில் கிடைத்தது, கொழும்பிலுள்ள வடிவமைப்பாளர் எடுத்துக் கொடுத்தார், எங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார். பின்னர் நான் எழுதிய கடிதத்துக்கு ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு பரிசுக் கூடை தருவதாகவும், அடுத்த அச்சில் படத்தை நீக்கிவிடுவதாகவும் அதில் இருந்தது.

படத்தை நீக்கும்படி நான் கேட்கவில்லை. என் பெயரை அச்சிடவும், அந்தச் சிரிப்பை எடுக்கவும் கேட்டேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவான உடனேயே அதற்குப் பாதுகாப்பு உண்டு; எந்த அலுவலகத்திலும் பதிந்திருக்க வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருளாதார உரிமை வேறொருவர் கைக்குப் போயிருந்தாலும் கூட, பிரதிகளில் இயன்றவரை தெளிவாகத் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையைப் படைத்தவரிடமே விடுகிறது. தன் மதிப்புக்கோ நற்பெயருக்கோ கேடு தரும்படி படைப்பைத் திரிப்பதை எதிர்க்கவும் இடம் கொடுக்கிறது. இணையத்தில் கிடைத்தது என்ற பதில் இவற்றில் ஒன்றையும் இல்லாமலாக்காது. பரிசுக் கூடையை ஏற்றால் விடயம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்று அம்மா அஞ்சினார். ஆகவே நாங்கள் அதை வாங்கவில்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை நாங்கள் ‘பேர்’ என்றே சொல்கிறோம். கேட்ட கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் பேர் விழும், குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள். நாள் முழுவதும் மலையில் நின்றுவிட்டு அரைப் பேரோடு அம்மா வீடு திரும்பிய மாலைகளில் அடுப்படி எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். பெட்டியை முதன்முதலாகக் கையில் வாங்கிய அம்மாச்சி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒனக்குப் பேரு போட்டாங்களாம்மா?” என்று கேட்டார். எழுத்தைத்தான் கேட்டாரா, கூலியைத்தான் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் இல்லை என்றே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தேயிலைக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், பணம் பெறும் இடத்தில் நின்ற அண்ணனுக்கு ஐந்தும் கொடுப்பேன். கடைக்கு ஒன்றுதான். இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம் என்று யாரையும் நான் தடுக்கவில்லை, அதற்குள் இருப்பது எங்கள் பக்கத்து மலைகளின் கொழுந்து. வாங்குபவர்கள் பணம் கொடுக்கும்போது படத்தை வரைந்தவர் யார் என்று ஒரு தடவை கேட்டால் எனக்குப் பெரும் உதவியாக இருக்கும். இரண்டாவது கடிதத்தைச் சென்ற திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதன் பற்றுச்சீட்டு மூலத் தாளோடு அதே சீ.ஆர். கொப்பிக்குள் இருக்கிறது. அடுத்த அச்சில் பெயர் வந்து, அம்மாச்சியின் வாய் பழையபடி மூடியிருந்தால், இந்த மதிப்பீட்டை அன்றே மாற்றி எழுதுவேன்.