ஈரப்பத சென்சார் போர்டு: சென்சாரை நம்பலாம், டிரைவரை நம்ப முடியாது

தொண்டாமுத்தூர் பக்கம் சித்தப்பா சிப்பிக்காளான் கொட்டகை போட்டிருக்கிறார். ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஃபாகர் (பனிபோல் நீர் தூவும் கருவி) தானாக ஓட வேண்டும். அதற்காக ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பில் பேசும் இந்த ஈரப்பத சென்சார் போர்டை 640 ரூபாய்க்கு வாங்கி, ராஸ்ப்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தேன். மூன்று மாதமாக ஓடுகிறது.

சென்சாரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை.

பிரச்சினை, கூடவே கொடுக்கும் லினக்ஸ் டிரைவரில், அதாவது சென்சாரைப் படித்துச் சொல்லும் மென்பொருளில். போன மாதம் ஒரு காலையில் சித்தப்பா கூப்பிட்டார். "ஏங்கண்ணு, பொட்டியில 99.8னு நிக்குது, படுக்கையெல்லாம் காஞ்சு கெடக்குதே!" போய்ப் பார்த்தால் ஜம்பர் வயர் ஒன்று கழன்றிருந்தது. வயர் கழல்வது சகஜம். ஆனால் வயரே இல்லாதபோது 99.8 எங்கிருந்து வந்தது?

டிரைவரின் சோர்ஸ் கோடைத் திறந்தேன். சென்சார் பதில் தராவிட்டால் ராஸ்ப்பெர்ரி பையின் ஐ2சி -121 என்று திருப்பித் தரும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் பிழை என்பது வழக்கம். இவர்களோ அதை நேராக ஒரு யு16 மாறியில் (0 முதல் 65535 வரை மட்டுமே கொள்ளும் இடம்) வாங்கியிருக்கிறார்கள். அதில் மைனஸ் நிற்காது. -121 என்பது 65415 ஆகிவிடும். அதை 65535 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 99.8. அடுத்த வரியிலேயே 'பூஜ்யத்தை விடக் குறைவா' என்ற சோதனையும் இருக்கிறது, ஆனால் அது ஒரு நாளும் பலிக்காது. இப்படிப் பிழை எண்ணே ஈரப்பதமாகி, ஃபாகர் ராத்திரி முழுக்க ஓடவில்லை. இரண்டு வரிசைப் படுக்கைகளில் மொட்டு கருகிவிட்டது.

இன்னொன்று. சென்சாரை முதலில் தேடிப் பிடிக்கும் புரோப் ஃபங்ஷனில் எது தவறினாலும் ரிட்டர்ன் -1. லினக்ஸில் 1 என்றால் 'அனுமதி இல்லை'. முதல் நாள் நான் சென்சாரின் ஐ2சி முகவரி எண்ணைத் தவறாகக் கொடுத்துவிட்டு, இந்த -1ஐ நம்பி ஒரு சாயங்காலம் முழுக்க பர்மிஷனைத் துருவிக்கொண்டிருந்தேன். வந்த 121ஐ அப்படியே மேலே அனுப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முகவரியையும் வயரையும் பார்த்திருப்பேன்.

சோர்ஸைக் கொடுத்திருப்பது பெரிய நல்ல விஷயம். யு16ஐ மைனஸும் தாங்கும் இன்ட் ஆக்கி, வந்த பிழையை மாற்றாமல் திருப்பி அனுப்பும்படி செய்தேன். இப்போது வயரைப் பிடுங்கினால் எண் வருவதில்லை, 121க்கு உரிய 'ரிமோட் ஐ/ஓ எரர்' வருகிறது. அது வந்தால் ஃபாகர் மணிக்கு ஐந்து நிமிடம் ஓடும்படி வைத்திருக்கிறேன். திருத்தத்தை நிறுவனத்துக்கும் அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது, ஆனால் மூன்று வாரமாகியும் தளத்தில் பழைய ஜிப்தான் கிடக்கிறது.

டிரைவரைத் திருத்திக் கம்பைல் செய்யத் தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் புது டிரைவர் வரும்வரை பொறுங்கள். அப்புறம் வாங்கினாலும், மாட்டிய அன்றே ஒரு வயரைக் கழற்றிவிட்டு ரீடிங் எடுத்துப் பாருங்கள். எண் ஏதாவது வந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.