சரகரின் காக்கையும் சுசுருதரின் சுரைக்காயும்

பழைய ஆயுர்வேத மருத்துவ நூலான சரக சம்ஹிதைக்கு, நோயை அறிய ஊகம் பெரிய கருவி. நோயாளியின் உடலைச் சுவைத்தா பார்க்க முடியும்? ஈ மொய்த்தால் உடலில் இனிப்பு ஏறியிருக்கிறது. பேன் விலகி ஓடினால் சுவை கெட்டுவிட்டது. உடலிலிருந்து கொட்டுவது நல்ல ரத்தமா, ரத்தபித்தமா (பித்தத்தால் கெட்ட ரத்தமா) என்று சந்தேகம் வந்தால் நாய்க்கோ காக்கைக்கோ வைக்கச் சொல்கிறது. தின்றால் நல்ல ரத்தமாம். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் பசித்த காக்கை எதைத்தான் விடும்?

அறுவை சிகிச்சைக்குப் பேர்போன இன்னொரு ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதைக்கு உடலைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவிட்டு, அப்புறம் வெட்டிவேர்த் தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறது. கத்தி பழகச் சுரைக்காய், வெள்ளரி. உள்நோய்க்கு ஊகமில்லாமல் முடியாது, சரி. இருந்தாலும் என் ஓட்டு சுரைக்காய்க்குத்தான்.