"ஒழுங்கா இரு" என்றால் குழந்தைக்கு என்ன புரியும்?

கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது நாலு வயசுப் பிள்ளையிடம் என்ன சொல்லிக் கூட்டிப் போகிறோம்? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. "அங்கே வந்து சமத்தா இருக்கணும்." "சேட்டை பண்ணினே, தோலை உரிச்சிடுவேன்." "பந்தியில அம்மா பக்கத்துல உட்காரணும், நான் எழுந்திருக்கும்போதுதான் நீயும் எழுந்திருக்கணும்."

முதலாவது கேட்க இதமாக இருக்கும். ஆனால் 'சமத்து' என்றால் என்னவென்று நமக்குத்தான் தெரியும். ஒருநாள் என் மகனிடம் "செருப்பை ஒழுங்கா விடுடா கண்ணா" என்றேன். ஜோடி சேர்த்து, நூல் பிடித்த மாதிரி விட்டிருந்தான், வாசற்படிக்கு நட்டநடுவே. அவனைப் பொறுத்தவரை அது ஒழுங்குதான். நான் திட்டியதும் அவன் முகம் சுருங்கியது இன்னும் என் மனசில் இருக்கிறது.

மிரட்டல் உடனே வேலை செய்யும், மறுக்க முடியாது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலும் இல்லை. பயம் மட்டும்தான் இருக்கிறது. பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. வீட்டிலும் அது வேண்டாமே.

நான் மூன்றாவதன் பக்கம். "ஓடாதே" என்றால் ஓடாமல் என்ன செய்வதென்று பிள்ளைக்குத் தெரியாது. "என் கையைப் பிடிச்சுக்கிட்டு நட" என்றால் தெரியும். அதையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். "பல் தேய்ச்சு, குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, பையை எடுத்துட்டு வா" என்று ஒரே மூச்சில் சொன்னால், பிள்ளை பேஸ்ட் நுரையோடு அங்கேயே நிற்கும்.

இன்னொன்று. "சாப்பிட வர்றியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் நியாயமான பதில்தான். வந்தே ஆகணும் என்றால், "சாப்பிட வா. தட்டை எடுக்கிறியா, டம்ளரை எடுக்கிறியா?" அதேபோல, "அஞ்சு நிமிஷத்துல போனை வை" என்பதைவிட "இந்தப் பாட்டு முடிஞ்சதும் வை" என்பது சின்னப் பிள்ளைக்குப் பிடிபடும்.

கண்டிப்பை மட்டும் வைத்து இதை எடைபோடக் கூடாது. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் பெற்றோரின் வளர்ப்பு முறைகளைப் பிரித்துப் பார்த்தபோது, அதட்டி அடக்குவதையும், காரணம் சொல்லி உறுதியாக நிற்பதையும் வேறுவேறாகத்தான் வைத்தார். பிந்தையதில் விதி தளர்வதில்லை. பிள்ளையின் பேச்சுக்கும் காது கொடுக்கிறோம்.

இதற்கு முன்கூட்டியே யோசிக்க வேண்டும், பொறுமையும் வேண்டும். பசியும் தூக்கமும் சேர்ந்துவிட்டால் எந்த வாக்கியமும் எடுபடாது. அப்போது தூக்கித் தோளில் போட்டுக்கொள்வதுதான் சரி.

அப்புறம் அந்தச் செருப்பு. வாசல் ஓரமாகச் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, "செருப்பு இதுக்குள்ள" என்றேன். இப்போது அப்பாவின் செருப்பையும் அவனே தள்ளி உள்ளே விடுகிறான்.